எண்ணெய் எரிந்தால்தான் விளக்கெரியுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறது. கறண்ட் தடையில்லாமல் வரவேண்டுமென்றால் எண்ணெயோ நிலக்கரியோ எரிந்தே ஆகவேண்டும். வெயிலும் காற்றும் துணைக்கு உதவலாம், அவற்றை நம்பி ஊரை நடத்த முடியாது என்பதே அந்த முடிவு. படித்தவர்கள் இதைப் பொறியியல் உண்மையாகச் சொல்கிறார்கள். மற்றவர்கள் அனுபவ உண்மையாக ஏற்றுக்கொள்கிறார்கள். இந்தக் கருத்துக்குள் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. எரிபொருள் மின்சாரம் நம்பகமானது என்பது ஒன்று. அது மலிவானது என்பது மற்றது. குடாநாட்டின் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகள் இவ்விரண்டையும் பொய்யாக்கியிருக்கின்றன.

எரிபொருளிலிருந்து மின்சாரம் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். எண்ணெய்க்குள் மின்சாரம் இல்லை, வெப்பம்தான் இருக்கிறது. அந்த வெப்பம் ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டோடு சேர்ந்த காந்தம் செப்புக் கம்பிச் சுருளுக்குள் சுழலும்போது கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த இந்தத் தூண்டல் விதியில்தான் இன்றைய மின் நிலையங்களில் பெரும்பாலானவை இயங்குகின்றன. தண்டைச் சுழற்றுவது எது என்பது காந்தத்துக்கு ஒரு பொருட்டில்லை. 1990களில் கறண்ட் இல்லாத யாழ்ப்பாண வீடுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சுன்னாகத்து எஞ்சினும் நுரைச்சோலை விசையாழியும் மன்னார்க் காற்றாலையும் செய்வது அடிப்படையில் அதே வேலைதான். இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது சுழற்சி. எரிபொருள் அந்தச் சுழற்சியைப் பெறும் வழிகளில் ஒன்று மட்டுமே. சூரியத் தகடோ சுழற்சியே இல்லாமல் ஒளியை நேரடியாக மின்சாரமாக்கிவிடுகிறது.

நிலக்கரி நிலையத்தில் கரியை மாவாக அரைத்துக் கொதிகலனில் எரிப்பார்கள். நீர் உயரழுத்த நீராவியாகி விசையாழியின் இறக்கைகளைத் தள்ளும். தண்டு நிமிடத்துக்கு 3000 முறை சுழலும். இலங்கையின் மின்வலை 50 ஹேர்ட்ஸில் இயங்குவது இத்தகைய சுழற்சிகளின் ஒத்திசைவால்தான். நுரைச்சோலையின் லக்விஜய நிலையத்தில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. முதலாவது 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. இவ்வகை நிலையங்களில் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மின்சாரமாகிறது. மிச்ச வெப்பம் புகைபோக்கியிலும் கடல்நீரிலும் போய்விடுகிறது. இந்த இழப்புக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல. வெப்பத்தை இயக்கமாக்கும் எந்தப் பொறியும் இயற்கை விதித்த எல்லையைத் தாண்ட முடியாது. அணு உலையும் இதே நீராவி வழியில்தான் செல்கிறது. மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் கூடங்குளத்தில் நடப்பது அதுவே. யுரேனியமும் தோண்டத் தோண்டக் குறையும் கனிமம்தான்.

குடாநாட்டில் கொதிகலன் கிடையாது. சுன்னாகத்தில் இருப்பவை கப்பல்களைச் செலுத்தும் வகையைச் சேர்ந்த பெரிய டீசல் எஞ்சின்கள். மின்சார சபையின் 24 மெகாவாட் உத்துறு ஜனனி நிலையம் 2013இல் அங்கே இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, போர்க்காலத்தில் ஒப்பந்தமான நொதேர்ன் பவர் என்ற தனியார் நிலையமும் அதே வளாகத்தில் இருந்தது. இத்தகைய எஞ்சினில் உருளைக்குள் காற்று இறுக்கப்படும்போது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டுகிறது. அதற்குள் பீச்சப்படும் எண்ணெய் பொறியில்லாமலே தீப்பற்றி முசலத்தைத் தள்ளுகிறது. ஒரு லீற்றர் டீசலில் சுமார் பத்து அலகு (கிலோவாட் மணி) வெப்ப ஆற்றல் உண்டு. அதில் ஏறத்தாழ நான்கு அலகுதான் மின்சாரமாகக் கம்பியேறுகிறது.

பெரிய எஞ்சின்களில் செலவைக் குறைக்க டீசலுக்குப் பதிலாக உலை எண்ணெய் எரிக்கப்படுவது வழக்கம். கனிய எண்ணெயைச் சுத்திகரித்துப் பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் எடுத்தபின் அடியில் தங்கும் கறுத்த, தடித்த மிச்சம் அது. சாதாரண வெப்பநிலையில் அது சரியாக ஓடாது. நீராவிக் குழாய்களால் சூடாக்கி இளக்கவேண்டும். அதிவேகமாகச் சுழலும் சுத்திகரிப்பானில் விட்டு நீரையும் மண்ணையும் உலோகத் துகளையும் பிரிக்கவேண்டும். எஞ்சினுக்குள் போகுமுன் மறுபடியும் நூறு பாகைக்கு மேலே சூடேற்றவேண்டும். சுத்திகரிப்பான் பிரித்துத் தள்ளும் கசடு நாள்தோறும் சேரும். எஞ்சின் கழற்றும் பழைய மசகு எண்ணெயும், தளத்தைக் கழுவிய எண்ணெய் நீரும் அதோடு கூடும். மின்கட்டணப் பட்டியலில் ஓர் அலகின் விலை இருக்கும். அந்த அலகோடு பிறந்த கசடு எங்கே போனது என்ற விபரம் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

நம்பகம் என்ற கூற்றை இனி எடுத்துக்கொள்ளலாம். குடாநாட்டு மக்கள் கண்ட நீண்ட இருட்டுகளில் எதற்கும் சூரியன் காரணமல்ல. காற்று ஓய்ந்ததும் காரணமல்ல. 1990 யூனில் போர் மறுபடி மூண்டதோடு தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. அதைத் தொடர்ந்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் டீசலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டன. மின்கம்பி அறுந்தால் ஊரிலேயே எஞ்சின் ஓட்டலாம் என்பது எண்ணெய் இருந்தால்தானே நடக்கும்? மண்ணெண்ணெய் அரும்பொருளாகி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மேலே ஒரு நூல்திரி: இந்த விளக்கில் ஒரு தலைமுறை க.பொ.த. பரீட்சைக்குப் படித்தது. அந்த ஆண்டுகளில் வலிகாமத்தின் மேலே அடித்த வெயிலை எந்தச் சோதனைச் சாவடியும் மறிக்கவில்லை. அதைப் பிடிக்கும் கருவி அன்று சாதாரண மக்களின் கைக்கு எட்டியிருக்கவில்லை, இன்று எட்டுகிறது.

2006 ஆகஸ்டில், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டபோதும் கதை வேறாக இருக்கவில்லை. மின்பிறப்பாக்கிகளுக்கு வேண்டிய எண்ணெய் கப்பலில் வந்து சேரவேண்டியிருந்தது. கப்பல் வந்தால் வெளிச்சம், தாமதித்தால் இருட்டு என்றிருந்த வாழ்வை நம்பகமானது என்று சொல்ல முடியுமா?

போர் என்பது விதிவிலக்கு, அதை வைத்து எரிபொருளைக் குறை சொல்லக்கூடாது என்று சிலர் வாதிடுவார்கள். அப்படியானால் 2022ஐப் பார்க்கவேண்டும். அப்போது போர் இல்லை, தடை இல்லை, பாதை மூடப்படவும் இல்லை. தேசிய மின்வலை குடாநாட்டை எட்டி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. நாட்டிடம் டொலர் தீர்ந்தது, அவ்வளவுதான். மார்ச் மாத முடிவில் நாடு முழுவதும் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்களின் படகுகள் கரையில் கிடந்தன. தோட்டக்காரர்களின் இறைப்பு மிசின்கள் ஓய்ந்தன. பின்னர் 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதமும் ஏற்றப்பட்டது. இலங்கை தன் தேவைக்குக் கனிய எண்ணெயும் எடுப்பதில்லை, நிலக்கரியும் வெட்டுவதில்லை. ஆகவே எரித்துப் பெறும் ஒவ்வோர் அலகும் பிறநாட்டு நாணயத்தையும் பிறநாட்டுத் துறைமுகத்தையும் பிறநாட்டுப் போர்களையும் நம்பி நிற்கிறது. எஞ்சின் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் தாங்கி காலியானால் அது வெறும் இரும்பு.

வெயிலும் காற்றும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவை என்ற குறை அடிக்கடி சொல்லப்படுகிறது. நிலக்கரியும் பருவத்துக்குக் கட்டுப்பட்டதுதான் என்பது பேசப்படுவதில்லை. நுரைச்சோலையில் ஆழ்கடல் துறைமுகம் கிடையாது. பெருங்கப்பல் கடலில் நிற்க, சிறு பாரப்படகுகள்தான் கரியைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இந்த வேலை நடப்பதில்லை. ஏறத்தாழச் செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ஆண்டுக்கான கரியை இறக்கிக் குவித்துவிட வேண்டும். தவறினால் அடுத்த பருவம்வரை திண்டாட்டம். இதே தென்மேல் பருவக்காற்றை வடபகுதிக் கடலோடிகள் சோளகம் என்பார்கள். நிலக்கரிப் படகை மறிக்கும் சோளகம்தான் மன்னார்த் தீவின் தம்பபவனி காற்றாலைகளை முழு வேகத்தில் சுழற்றுகிறது. 3.45 மெகாவாட் வீதம் முப்பது கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட். கரி இறக்க முடியாத மாதங்களே காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்கள். இந்த வாய்ப்பை ஒரு தீவு நாடு விட்டுவைப்பது பெரும் பிழை.

இனி மலிவு. இதற்கு விடை சுன்னாகத்துக் கிணறுகளில் இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். குடிக்கவும் குளிக்கவும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் பெரும்பாலும் உள்ளது நிலத்தடி நீரே. அது தங்கியிருப்பது சுண்ணாம்புக் கல்லில். வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த கல் அது. நிலாவரைக் கிணற்றின் ஆழமும் கீரிமலையின் ஊற்றும் அந்த நிலத்தடி வழிகளின் வெளிப்பாடுகள். மேலே சிந்தியதை இந்தக் கல் வடிகட்டுவதில்லை, வழிவிட்டு அனுப்பிவிடுகிறது. எண்ணெய் நீரைவிட இலேசானது, அதனால் நீர்மட்டத்தின் மேல் படரும். மாரியில் மட்டம் ஏறும்போது கூடவே ஏறும்; கோடையில் இறங்கும்போது கல்லின் இடுக்குகளில் பூசிக்கொண்டு இறங்கும். அடுத்த மாரியில் அந்தப் பூச்சு மறுபடி கரைந்து நீரோடு சேரும். ஒரு தடவை புகுந்த எண்ணெயை வெளியேற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே காரணம்.

சுன்னாகத்தைச் சூழ்ந்த வீடுகளில் வாளியை இழுத்தால் நீரின்மேல் நிறநிறமாக மினுங்கும் படலமும் எண்ணெய் மணமும் வரத் தொடங்கின. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013இன் இறுதியிலிருந்து 2014வரை மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளைச் சோதித்தது. சோதித்த 150 கிணறுகளில் 109இல் எண்ணெயும் கிறீசும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தன. சொந்தக் கிணறு உள்ள வீட்டின் பெண்கள் தெருவோரத்தில் வைத்த தாங்கிக்குப் பவுசர் வரும்வரை குடத்தோடு காத்துநிற்க நேர்ந்தது. யாழ்ப்பாணத்தில் கிணறு என்பது வளவின் உயிர். அதைக் கண்ணெதிரே கைவிட நேர்வது எத்தகைய இழப்பு என்பதை எந்தச் செலவுக் கணக்கும் எழுதிக்காட்டாது.

மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் 2015 தொடக்கத்தில் நொதேர்ன் பவர் நிலையம் நிறுத்தப்பட்டது. குடாநாடு அதனால் இருளில் மூழ்கவில்லை. தேசிய மின்வலையின் கம்பிகள் அதற்குள் வந்துசேர்ந்திருந்தன. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியின்படி, பாதிக்கப்பட்ட குடியிருப்பாளருக்குப் பகிர்ந்தளிக்க 2 கோடி ரூபாய் செலுத்தும்படி அந்நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. ஆளுக்கு உச்சமாக 40,000 ரூபாய். தீர்ப்பு வரலாற்று முக்கியத்துவம் உடையது. தொகையோ ஒரு குடும்பம் புதிதாய் ஒரு கிணறு வெட்டக்கூடப் போதாது. வெட்டினாலும் அதே நிலத்தடி நீர்தான். எண்ணெய் மின்சாரம் மலிவு என்பவர்கள் இந்தக் கிணறுகளின் விலையைக் கூட்டாமல்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அதைக் கூட்டினால் அவர்கள் வாதம் அக்கணமே விழுந்துவிடும்.

காற்றில் கலக்கும் கழிவும் இந்தக் கணக்கில் வராது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. குடாநாட்டுக்கு இது தொலைதூரத்து விவகாரமல்ல. இங்கே நன்னீர், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையாக நிலத்துக்கடியில் நிற்கிறது. கடல்மட்டம் ஏற ஏற உவர் உள்ளே தள்ளும்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் 2025 பெப்ரவரி 9இல் கிடைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுகை கொண்டதால் ஏற்பட்ட குழப்பம் நாடு முழுவதையும் இருட்டாக்கியது. விடுமுறை நாளின் குறைந்த தேவையும், கூரைச் சூரியத் தகடுகளின் மிகுந்த உற்பத்தியுமே மின்வலையைப் பலவீனமாக்கின என்று சொல்லப்பட்டது. இதில் ஓர் உண்மை உண்டு. பெரிய விசையாழிகளின் கனத்த சுழலிகள், திடீர்க் குழப்பம் வரும்போது தம் சுழற்சி உந்தத்தால் சில கணங்களுக்கு அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கின்றன. சூரியத் தகட்டுக்கு அப்படிச் சுழலும் கனம் இல்லை. ஆனால் அடுத்த நாட்களில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மறுநாள் காலை சூரியன் வழமைபோல் எழுந்து தகடுகள் வேலை செய்தன. நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் விழுந்துபோய், மீண்டும் எழுந்துவர நாட்கள் எடுத்தன. அதனால்தான் அந்த வாரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 900 மெகாவாட்டை ஒரே இடத்தில் குவித்துவைத்த மின்வலையின் பலவீனத்தைச் சூரியத் தகட்டின்மேல் சுமத்துவது நேர்மையல்ல. அதிர்வெண்ணைத் தாங்கப் பற்றரித் தொகுதிகளும், எரிபொருள் இல்லாமல் சுழலும் ஒத்தியங்கிகளும் இன்று பல நாடுகளில் செயற்படுகின்றன. லிதியம் பற்றரியின் விலை 2010க்குப் பிறகு பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு வீழ்ந்திருக்கிறது. மலைநாட்டில் நீர்த்தேக்கங்களும் உண்டு. வெயில் உள்ள பகலில் அவற்றின் நீரைத் தேக்கி, இரவில் திறந்துவிடலாம்.

மன்னார்க் கடலில் இயற்கை வாயு இருக்கிறதே, அது வந்தால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையும் வடக்கில் உலவுகிறது. கெயர்ன் இந்தியா 2011இல் அங்கே இரு கிணறுகளில் வாயுவைக் கண்டது உண்மை. அது நடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அங்கிருந்து ஒரு மின் அலகுகூடப் பிறக்கவில்லை. ஆழ்கடலிலிருந்து வாயு கரைசேர்வதற்குள் கூரைகள் நிறையத் தகடு போட்டுவிடலாம்.

காற்றாலைகளுக்கும் குற்றம் உண்டு. அதை மூடிமறைப்பது இந்த மறுப்பைப் பலவீனப்படுத்திவிடும். மன்னாரில் புதிய கோபுரங்களை மக்கள் எதிர்த்தார்கள். வெள்ளம் வடியும் வழிகளும் வலசைப் பறவைகளும் அவர்களின் கவலை. மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. இந்த எதிர்ப்பைக் காட்டி எண்ணெய்க்குத் திரும்பவேண்டும் என்பது பிழையான முடிவு. இடத்தைத் தெரிவுசெய்யுமுன் ஊரைக் கேட்கவேண்டும் என்பதே அதிலிருந்து கொள்ளவேண்டியது. சுன்னாகத்திலும் ஊரைக் கேட்டிருந்தால் கிணறுகள் தப்பியிருக்கும். குடாநாட்டின் கழுத்துப் பகுதியான பளையில் 2014 முதல் சுழலும் காற்றாலைகள் எந்தக் கிணற்றிலும் எண்ணெய் விடவில்லை.

எண்ணெய் எஞ்சினுக்கு உரிய இடம் எதுவென்று தீவகம் காட்டுகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசல் பிறப்பாக்கிகளை நம்பி இருந்துவந்தவை. அவற்றின் எண்ணெயும் கடல் கடந்தே போகவேண்டும். கடல் சீறினால் படகு ஓடாது. இம்மூன்று தீவுகளுக்குமான கலப்பு மின் திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா ஆட்சேபித்து, பின்னர் இந்திய நன்கொடையாக மாறி, 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. வல்லரசுகளின் இழுபறியில் தீவு மக்கள் ஆண்டுகளை இழந்தார்கள். அதன் அமைப்போ மிகச் சரியானது: சூரிய சக்தி 1700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பற்றரிச் சேமிப்பு 2400 கிலோவாட் மணி; இவை எல்லாம் போதாத வேளைக்கு 2500 கிலோவாட் டீசல். எண்ணெய் எஞ்சின் முழுதும் கழிக்கப்படவில்லை, காத்திருப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற இடங்களின் அவசர மின்பிறப்பாக்கிக்கும் இதே நியாயம் பொருந்தும்.

நெடுந்தீவுக்குப் பொருந்துவது சுன்னாகத்துக்கும் பொருந்தும். குடாநாட்டில் எரியும் ஒவ்வொரு லீற்றர் உலை எண்ணெயின் கசடும் எங்கே போகிறது என்பதை மின்சார சபை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ச் சோதனை முடிவுகள் அந்தந்தக் கிராம சேவகர் அலுவலகத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். புதிய எரிபொருள் நிலையம் எதுவும் இந்தச் சுண்ணாம்புக் கல்லின்மேல் இனிமேல் எழ அனுமதிக்கக்கூடாது.